வில்லுக்கு முன்னால் உட்காரும் புலவர்

பாப் குழுவில் ரசிகர்களின் கண் போவது முன்னணி கிதார்காரரின் விரல்களுக்கு. கொட்டாரத்தைச் சுற்றிய நாஞ்சில் நாட்டு ஊர்களில் கோயில் கொடை விழாவுக்கு வரும் வில்லுப்பாட்டுக் குழுவிலும் முதல் இடம் நாண் பூட்டிய வில்லுக்கு முன்னால் உட்காரும் புலவருக்கே. ஆனால் அந்த வில்லிலிருந்து ராகம் பிறக்காது. வீசுகோல் பட்டதும் நாண் அதிரும், கட்டிய மணிகள் குலுங்கும், அவ்வளவே. குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை எல்லாமே தாளத்துக்கு. அப்படியானால் புலவரின் பேர் எதில் வளர்ந்தது? கதையை எங்கே இழுப்பது, எங்கே முடுக்குவது என்ற கணக்கில்தான். அந்தக் கணக்கைச் சரிபார்ப்பவர் ரசிகரல்ல, சாமியாடி.

இந்தப் பகுதியின் வில்லுப்பாட்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988-இல் வெளியிட்ட நூலில், தெய்வப் பிறப்பைச் சொல்லும் கதைகளையும், கொலையுண்டு தெய்வமானவர்களின் கதைகளையும் தனித்தனியே பிரிக்கிறார். சாமியாட்டம் உச்சம் கொள்வது இரண்டாம் வகையில், சாவைப் பாடும் கட்டத்தில். அங்கே புலவர் தாளத்தை முடுக்க, வலப்பக்கப் பாடகர்களும் இடப்பக்கப் பாடகர்களும் ஒத்துப்பாட, உடுக்கை ஏறவேண்டும். சாமி வராவிட்டால் எவ்வளவு இனிய குரலும் அந்த இரவில் செல்லாக்காசு. கொஞ்சம் கொடூரமான தேர்வுதான்.

கோயிலே இல்லாமல் வில்லுப்பாட்டு புகழ்பெற்றதே என்று கேட்கலாம். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் அதைச் சென்னை மேடைக்குக் கொண்டுபோனார். அவர் அழைத்து வந்த சுப்பு ஆறுமுகம் காந்தி கதையையும் சமூக நீதியையும் வில்லில் பாடி, 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். அது பெரிய சாதனை, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே வேலை சிரிக்கவைப்பதும் சிந்திக்கவைப்பதும். வில் அதற்கு நல்ல துணை. இல்லாவிட்டாலும் கலைவாணரின் நகைச்சுவை ஓடியிருக்கும். கொடையில் வில்லை எடுத்துவிட்டால் சடங்கே நடக்காது.

மெல்லிசைக் குழு வந்தபிறகு கொடையில் வில்லுக்குள்ள இந்த இடம் இன்னும் தெளிவாகிறது. கிதாரும் கீபோர்டும் ஒலிபெருக்கியும் கொடைத் திடலில் ஏறியதும் இளைஞர் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது, சன்மானத்திலும் போட்டி வந்தது. இருந்தும் சாமிக்கு எதிரே உட்கார வில்லுக்காரரையே அழைக்கிறார்கள். சினிமாப் பாட்டுக்கு எத்தனை கைதட்டல் விழுந்தாலும் அந்த இடத்தை மெல்லிசைக் குழுவுக்குக் கொடுப்பதில்லை.