கண் துடிச்சா காபியைக் குறை

நாலு நாளா இடது கண்ணோட கீழ் இமை தன்னால துடிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஆபீஸ்ல ரிலீஸ் நேரம், ராத்திரி பூரா ஆணி புடுங்கல், கணக்கில்லாத காபி. போன்ல பாட்டிகிட்ட சொன்னேன். "இடது கண்ணா? ஆம்பளைக்கு ஆகாதேடா"ன்னுட்டாங்க. கண் டாக்டர் ரெண்டே நிமிஷத்துல, "நல்லா தூங்குங்க, காபியைக் குறைங்க. கண்ணு முழுசா மூடிக்கிட்டாலோ, கன்னமும் சேர்ந்து இழுத்தாலோ வாங்க"ன்னு அனுப்பிட்டார்.

அந்தக் கடைசி வரிதான் உறுத்துச்சு. வழக்கம்போல தோண்ட ஆரம்பிச்சேன்.

சிலருக்கு ரெண்டு கண்ணும் தானா இறுக மூடிக்குமாம். பார்வையில ஒரு குறையும் இருக்காது, ஆனா ரோட்டைக் கடக்க முடியாது. பேரு பிளெஃபரோஸ்பாசம். கண்ணோட தாடையும் சேர்ந்து இழுக்கிறதைப் பத்தி 1910-லேயே பாரிஸ்ல ஹென்றி மேஜ்ங்கிற நரம்பியல் மருத்துவர் எழுதிட்டார். அதுக்கப்புறமும் பல பத்தாண்டுகள் இவங்கள்ல நிறைய பேருக்குக் கிடைச்ச பதில், "உங்களுக்கு மனசுலதான் கோளாறு." பேசினா, பாடினா, முகத்தைத் தொட்டா சிலருக்குக் கொஞ்ச நேரம் இழுப்பு நிக்கும். மனநோய்னு முத்திரை குத்த அதுவே வசதியாப் போச்சு. நினைச்சுப் பாருங்க, கண்ணைத் திறக்க முடியாம உட்கார்ந்திருக்கிறவங்ககிட்ட மனசைத் திடமா வெச்சுக்கோன்னு சொன்னா எப்படி இருக்கும்?

1976-ல லண்டன்ல டேவிட் மார்ஸ்டென், இது மனசு இல்லை, மூளைக்குள்ள அசைவைக் கட்டுப்படுத்துற பகுதியில வர்ற கோளாறுன்னு வாதாடினார். 16-ஆம் நூற்றாண்டு ஓவியர் பிரூகல் வரைஞ்ச, வாயைப் பிளந்து கண்ணை இறுக்கின ஒரு முகத்தைக் காட்டி, நோய்க்கே பிரூகல்னு பேர் வெச்சார். (படத்தோட பேர் என்னவோ 'கொட்டாவி விடுபவர்'. எனக்கு திங்கட்கிழமை மீட்டிங்தான் ஞாபகம் வந்துச்சு.)

முகத்துல ஒரு பக்கம் மட்டும் இழுக்கிறது வேற கதை. பெரும்பாலும் ரத்தக்குழாய் ஒண்ணு முகநரம்பை அழுத்துறதுதான் காரணம். 1966-ல பீட்டர் ஜனெட்டா அதை விலக்கி ஆபரேஷன் பண்ணிக் காட்டினப்ப, சக மருத்துவர்களே நம்பலை.

கண் மூடிக்கிறதுக்கு மருந்து வந்த வழிதான் செம. 1820 வாக்குல ஜெர்மனியில கெட்டுப்போன சாசேஜ் தின்னு செத்தவங்களை ஆராய்ஞ்ச யஸ்டினஸ் கெர்னர், அந்த விஷத்தைத் தானே கொஞ்சம் சாப்பிட்டுப் பார்த்தார். நம்மாளு அதோட நிக்கலை. துளியூண்டு கொடுத்தா மருந்தாகலாம்னும் எழுதி வெச்சார். 150 வருஷம் கழிச்சு சான் பிரான்சிஸ்கோவுல ஆலன் ஸ்காட், மாறுகண்ணுக்கு அதே விஷத்தை ஊசியில போட்டார். அப்புறம் இமைக்கும் போட்டாங்க. 1989-ல அமெரிக்க அரசு அனுமதி கொடுத்துச்சு. ஒரு ஊசி சுமார் மூணு மாசம் தாங்கும்.

அந்த விஷம்தான் போடாக்ஸ்! 1987-ல வான்கூவர்ல, கண்ணுக்கு ஊசி போட்டுக்கிட்ட ஒரு அம்மா நெத்திச் சுருக்கமும் போகுதுன்னு சொல்லப்போய்த்தான் அழகு வியாபாரமே ஆரம்பிச்சுது.

நமக்கு இப்ப ரெண்டு காபிதான். துடிப்பு நின்னுடுச்சு. பாட்டி, தான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சதாலதான்னு சொல்றாங்க.