துப்பட்டியும் றேந்தையும்

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வரலாற்றை எழுதுவோர் குடிமுறை, பள்ளிவாசல் நிருவாகம், வணிகம், நாட்டார் கவி என்பவற்றோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றனர். எமது பெண்களின் கைவேலைகளுள் பன்பாய்க்குச் சிறிது இடம் கிடைத்திருக்கிறது. தைத்த துணிக்கு அதுவும் இல்லை. பாய் சந்தைக்குப் போனது. பிள்ளைக்குத் தைத்த போர்வை வீட்டிலேயே பாவிக்கப்பட்டு வீட்டிலேயே கிழிந்தது. இத்தனைக்கும் திருக்குர்ஆனின் 73ஆம், 74ஆம் சூராக்கள் போர்த்திக்கொண்டிருந்த நபியவர்களை (ஸல்) விளித்தே தொடங்குகின்றன. அவ்வேளை அவர்களைப் போர்த்திவிட்டவர் கதீஜா நாயகி (ரலி) அவர்கள். நபியவர்கள் தம் உடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள் என்பதும் ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் வழி வந்த செய்தி.

நான் சொல்லவந்த போர்வை மட்டக்களப்பு வாவிக்கரை வீடுகளில் மாரிக்காலப் பிள்ளைகளுக்குத் தைக்கப்படுவது. இதற்குப் புதுத்துணி உதவாது. பலமுறை துவைத்து நைந்த பருத்திச் சாறனே வேண்டும். கஞ்சி முழுவதும் போய், நூல் தளர்ந்த பிறகுதான் துணிக்கு அந்த மென்மை வரும். இரண்டு யார் சாறனின் மூட்டைப் பிரித்தால் 36 அங்குலச் சதுரம் இரண்டு கிடைக்கும். நல்ல பக்கங்கள் உள்ளே ஒன்றையொன்று பார்க்க அவற்றை வைத்து, மேலே பழஞ்சேலைத் துண்டொன்றைப் பரப்பி, நூலோட்டத்தால் மூன்றையும் பிணைப்பார்கள். பின் கண்ணாடிக் காப்பொன்றை விளிம்பில் வைத்துப் பென்சிலால் அரைவட்டங்கள் வரைவார்கள். இரண்டேகால் அங்குலக் காப்பு 36 அங்குலப் பக்கத்தில் 16 தரம் சரியாக விழும். எனது வகுப்பில் வகுத்தல் கணக்குக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை.

வரைந்த கோட்டில் தைத்து, திருப்புவதற்கு ஒரு கை நுழையும் இடைவெளி விட்டு, மிகுதித் துணியை வெட்டவேண்டும். உண்மையான வேலை இனித்தான். இரு வளைவுகள் சந்திக்கும் பள்ளத்தில், தையலைத் தொடாமல் ஒரு நூல் தூரம் வரை கத்தரிக்கோலால் கொத்திவிட வேண்டும். கொத்து ஆழம் போதாவிட்டால் திருப்பியபின் விளிம்பு சுருங்கி இழுக்கும். கூடினால் அங்கேயே பிரிந்துபோகும். பிணைத்த நூலை உருவித் திருப்பி, ஈர்க்குத் துண்டால் வளைவுகளை வெளியே தள்ளி, இடைவெளியை மூடி, நடுவே நுண்ணிய ஓட்டுத் தையல் போட்டால் போர்வை முடிந்தது.

இந்தத் துணியைச் சுற்றியிருக்கும் சொற்கள் தனி வரலாறு. துப்பட்டி என்பது வடக்கிலிருந்து வந்த சொல். இரண்டு பட்டைத் துணி என்பது அதன் மூலப்பொருள். ஒரு நெசவாளி ஓடத்தைக் கையால் எறிந்து மறுகையால் பிடித்த காலத்தில் துணியின் அகலம் அவன் கை எட்டும் தூரத்தை மிஞ்சமுடியாது. அகலப் போர்வை வேண்டுமென்றால் இரு பட்டைகளை மூட்டத்தான் வேண்டும். 1733இல் இங்கிலாந்தில் ஜோன் கே பறக்கும் ஓடத்துக்குக் காப்புரிமை பெற்ற பிறகே ஒருவர் தனியாக அகலத்துணி நெய்வது இலகுவாயிற்று.

கந்தை, சமஸ்கிருத 'கந்தா'. அதே சொல்தான் வங்காளத்தில் 'காந்தா'வாகி, பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த போர்வையைக் குறிக்கிறது. அங்கே அது தாய் மகளுக்குக் கொடுக்கும் பெருமை; இங்கே கந்தை என்றால் வறுமை.

றேந்தை, போர்த்துக்கேய 'றெந்தா'. பொத்தானும் களிசானும் அவர்கள் விட்டுச்சென்றவையே. செனரத் மன்னன் 1626இல் முஸ்லிம்களை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது போர்த்துக்கேயக் குறிப்பு. 1628இல் அவர்கள் புளியந்தீவில் கோட்டை கட்டினர். 1638இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. அதே காலத்தில் வங்காளத்தின் சாத்காவ், ஹூக்ளிப் பகுதிகளிலிருந்து பூவேலைப் போர்வைகளைப் போர்த்துக்கேயர் கப்பலேற்றினர். கோட்டை அவர்களிடம் இருந்தது பத்தே ஆண்டுகள். ஆனால் அவர்கள் வழிவந்த பறங்கியர் மட்டக்களப்பிலேயே தச்சராக, கொல்லராக, சப்பாத்துத் தைப்போராக, தையற்காரராக வாழ்ந்து, தம் கிரியோல் மொழியையும் காத்துவந்தனர். றேந்தை என்ற சொல் வாவிக்கரையில் நிலைத்தது கோட்டையால் அல்ல, இந்த அயலவரால்தான் என்பது என் கருத்து. எமது தையலை 'தூய' மரபு என்று நிறுவ முனைவோருக்கு இது கசக்கலாம்.

1814இல் வில்லியம் ஓல்ட் வந்ததோடு மெதடிஸ்த மிஷன் பாடசாலைகள் தொடங்கின. பெண்கல்வியோடு ஊசிவேலையும் வந்தது. எமது பெண்பிள்ளைகள் அப்படிகளை ஏறப் பல தலைமுறை சென்றது. சிங்கர் கம்பனி 1877இல் இலங்கைக்கு வந்தது. கையால் சுற்றும் இயந்திரம் மெல்ல மெல்ல வீட்டுத் திண்ணைக்கு வந்தபோது, வெளியே போகாமலே உழைக்க ஒரு வழி திறந்தது.

1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டால் மருதமுனைத் தறிகளுக்கு ஓய்வில்லை. 1977இன் திறந்த பொருளாதாரம் மலிவுத்துணியைக் கொண்டுவந்து அத்தறிகளை ஓயச் செய்தது. அதனால் பழைய போர்வையொன்றின் காலத்தை ஓரளவு கணிக்க எளிய வழியுண்டு: ஒரு நூலை உருவி எரித்துப் பாருங்கள். பருத்தி கடதாசி மணத்தோடு எரிந்து மென்சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கடின மணியாகும். மணி விழுந்தால் போர்வை பெரும்பாலும் 1977க்குப் பிந்தியது.

1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். சில நாட்களில் ஏறாவூரிலும் படுகொலை நடந்தது. விதவைகள் பலருக்குத் தையல் இயந்திரமே சோறு போட்டது. படுவான்கரைக்குத் துணிமூட்டையோடு போய்வந்த எம்மவர் பயணமும் அறுந்தது. 2004 டிசம்பர் 26இல் மருதமுனையின் தறிகளையும் அலுமாரிகளையும் கடல் கொண்டுபோனது. எரித்துப் பார்ப்பதற்கு நூல்கூட மிஞ்சாத வீடுகள் அங்கே அதிகம்.

எங்கள் வீட்டில் ஒன்று மிஞ்சியிருக்கிறது. வாப்பாவின் சாறன், நூல் சாம்பலாகத்தான் போனது. மூன்று பக்கம் காப்பு வளைவு, நான்காம் பக்கம் நேர்த்தையல். உம்மாவிடம் காரணம் கேட்டேன்.

"வளைவு வெட்ட எங்க நேரம்? நீதான் முந்திட்டாய் மகன்" என்றார்.