'தேட்டம்' யாருடைய சொல்? – தேசவழமையும் நீதிமன்ற மொழியும்

ஈழத்துச் சட்டத் தமிழ் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கலைச்சொல்லாக்கத்துடன் நின்றுவிடுகின்றனர். ஆங்கிலச் சொல்லுக்கு நேரான தமிழ்ச் சொல் யாது, அது தமிழக வழக்குடன் இயைவதா என்பனவே அவர்தம் வினாக்கள். இவை பயனற்ற வினாக்களல்ல. ஆயின், தமிழ்ச் சொல்லே நீதிமன்றத்துட் புகுந்து, பிறமொழிகளில் பொருள் வரையறுக்கப்பெற்று, அதனை வழங்கிய மக்களுக்கே விளங்காததொன்றாகத் திரும்பி வந்த வரலாறும் உண்டு. யாழ்ப்பாணத்துத் தேசவழமையின் சொற்கள் சில அத்தகையன.

ஒல்லாந்த ஆள்பதி சைமன்ஸின் பணிப்பின்படி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வாழ்ந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் இவ்வழமைகளைத் தொகுத்தளித்தார். ஒல்லாந்த மொழியில் எழுந்த தொகுப்பு தமிழாக்கப்பெற்று, 12 முதலியார்களின் பார்வைக்கு விடப்பட்டது. அவர்கள் அதனை ஏற்றனர். 'தேச'த்தின் வழமைக்குச் சான்று கூறியோர் யாவர் என்பதை நாம் இவ்விடத்திற் கேட்டாக வேண்டும். பதவியும் நிலமும் உடையோரே அவர்கள். வாரத்துக்கு உழுதவரோ, பெண்களோ கேட்கப்படவில்லை. பள்ளர், நளவர் உள்ளிட்டோரை அடிமைகளெனக் குறிக்கும் பகுதியொன்று அத்தொகுப்பில் இடம்பெற்றமை வியப்பன்று. 1844இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டபோது அப்பகுதி வலுவிழந்தது. எனினும் ஆலயம், கிணறு, தேநீர்க்கடை ஆகியவற்றில் நிலைத்த தடைகளுக்கெதிராக 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டமொன்று வேண்டப்பட்டதென்பது மனங்கொள்ளத்தக்கது.

தேசவழமை உடைமையை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூன்றாக வகுக்கிறது. வழிவழி வந்தது முதுசம். மணத்தின்போது மகளுக்கு அளிக்கப்படுவது சீதனம். மணவாழ்க்கையில் ஈட்டப்படுவது தேடியதேட்டம். இவற்றுக்கிடையிலான பழைய எல்லைகள் போர்த்துக்கேயர் காலத்திலேயே நெகிழ்ந்துவிட்டமையை அத்தொகுப்பே கூறுகிறது. வழமையும் வரலாற்றுக்கு உட்பட்டதே. பழைய ஒழுங்கு சமத்துவமானதென நாம் வாதிடவில்லை. ஆனால் 'தேடு' என்னும் வினையடியாகப் பிறந்த அச்சொல்லில் குடும்பத்தின் கூட்டுழைப்பு உறைந்துள்ளது. தோட்டத்திற்கு நீர் இறைத்தவன் மட்டுமன்றி, களை பிடுங்கியவளும் பனாட்டுப் போட்டவளும் தேடியவர்களே.

1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் ஆங்கிலேயர் இத்தொகுப்பிற்குச் சட்டவலு அளித்தனர். அதன்பின் இச்சொற்கள் உரோம எழுத்துகளில், ஆங்கில வாக்கியங்களினிடையே உலவலாயின. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டம், கணவனோ மனைவியோ மணவாழ்க்கையின்போது 'பெறுமதியான பிரதிபயனுக்கு'ப் பெற்ற உடைமையைத் தேடியதேட்டத்துள் அடக்கியது. விலை கொடுத்து வாங்குதலே இங்கு தேடுதலாகிறது. சந்தையும் பணமும் சொல்லினுட் குடிபுகுந்துவிட்டன. அதே சட்டம், மனைவி தன் அசையா உடைமையைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தையும் வேண்டிநின்றது. 1947ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கத் திருத்தம் மேலுமொரு படி சென்றது. கொடுத்த பிரதிபயன், பெற்றவரின் தனியுடைமையின் பகுதியாக இருத்தலாகாது என்றது அது. ஆகவே வழக்கு மன்றில் எழும் வினா, 'இருவரும் தேடினரா?' என்பதன்று, 'பணம் எவருடைய பெட்டியிலிருந்து வந்தது?' என்பதே. களை பிடுங்கியதற்கு உறுதி எழுதுவாரில்லை. நொத்தாரிசின் ஏட்டில் அவ்வுழைப்புக்கு இடமுமில்லை.

நொத்தாரிசு என்றதும் பிற சொற்களும் நினைவுக்கு வருகின்றன. தோம்பு, அப்புக்காத்து, பிறக்கிராசி என நம்மவர் நாவிற் பயின்றவை ஐரோப்பிய ஆட்சிகள் விட்டுச்சென்றவை. தமிழகத்தில் வக்கீலும் ஜாமீனும் வேறோர் ஆட்சியின் எச்சங்களாக நிலைத்தன. அப்புக்காத்து, பிறக்கிராசி என்ற பிரிவு 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டத்தால் நீங்க, இருசாராரும் சட்டத்தரணிகளாயினர். கட்சிக்காரருக்கு இதனால் கட்டணம் குறைந்ததாக நாம் அறியோம்.

மொழியுரிமைப் போராட்டத்தின் முக்கியத்துவத்தை இவ்வாய்வு குறைத்து மதிப்பதன்று. 1961ஆம் ஆண்டின் நீதிமன்ற மொழிச் சட்டம் சிங்களத்தை மன்றுக்குள் கொணர்ந்தபோது தமிழுக்கு அவ்விடம் கிட்டவில்லை. வடக்கு, கிழக்கு நீதிமன்றங்களில் தமிழைப் பயன்படுத்த 1973ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் ஓரளவு வழிசெய்தது. 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தம் சிங்களத்துடன் தமிழையும் நீதிமன்ற மொழியாக்கியது. தன் வழக்கைத் தன் மொழியிற் கேட்கும் உரிமை அற்பமானதன்று.

ஆயினும், தமிழில் வரையப்பெறும் வழக்குரையொன்றில் தேடியதேட்டம் என்ற சொல் வருமிடத்து, அதன் பொருளைத் துணிவதற்குச் சட்டத்தரணி யாழ்ப்பாணத்துக் குடும்பத்தை நோக்குவதில்லை. 1947ஆம் ஆண்டுத் திருத்தத்தின் கருத்து யாதென 1950களில் உயர்நீதிமன்றம் ஆங்கிலத்தில் வழங்கிய தீர்ப்புகளையே அவர் புரட்டுகிறார். சாட்சிக்கூண்டில் நிற்கும் பெண்ணும் அதே சொல்லையே உச்சரிக்கிறாள். அவள் கருதுவது வேறு.