நெஞ்சறிந்த சாட்சி

ஆங்கிலத்தில் 'கொன்ஷன்ஸ்' என்று ஒரு சொல் உண்டு. அதற்குத் தமிழில் 'மனச்சாட்சி' என்று எழுதிவிட்டு நாம் மேலே செல்கின்றோம். அகராதிகளும் அதனையே தருகின்றன, பிழையென்று சொல்வதற்கில்லை. ஆயினும் இவ்விரு சொற்களையும் அருகருகே வைத்து நோக்கினால், ஒன்றில் இருப்பது மற்றதில் முழுமையாக இல்லை என்பது புலனாகும். இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஒருவருடைய காணி வேறொருவர் கையில் இருக்கும்பொழுது, இந்த வேறுபாடு வன்னியில் வழக்காகவே எழுந்து நிற்கின்றது.

கொன்ஷன்ஸ் என்பது இலத்தீனிலிருந்து பிறந்தது. 'கொன்' என்றால் உடன். பின்னுள்ள பகுதி அறிதலைக் குறிக்கும். 'சயன்ஸ்' என்னும் சொல்லும் அதே வேரினின்று கிளைத்ததே. ஆகவே 'உடனறிதல்' என்பதே இதன் முதற்பொருள். ஓர் இரகசியத்தைப் பிறரோடு சேர்ந்து அறிந்திருத்தல் முதலிலும், தன்னோடு தானே அறிந்திருத்தல் பின்னும் இச்சொல்லுக்குப் பொருளாயின. பிரெஞ்சு மொழியில் இன்றும் உணர்வுநிலைக்கும் நீதியுணர்வுக்கும் இந்த ஒரே சொல்தான். ஆங்கிலமோ 17 ஆம் நூற்றாண்டில் உணர்வுநிலைக்கு வேறொரு சொல்லை ஆக்கிக்கொண்டு, இதனை நன்மை தீமைகளுக்கென்று ஒதுக்கிவிட்டது.

நம்முடைய மனச்சாட்சியில் மனமும் சாட்சியும் வடமொழி வழி வந்தவை. சாட்சி என்பதற்குள் கண் இருக்கின்றது. கண்ணாரக் கண்டவனே சாட்சி. ஆங்கிலச் சொல் அறிவைப் பேச, நம் சொல் காட்சியைப் பேசுகின்றது. அதனோடு நீதிமன்ற வாடையும் சேர்ந்துகொண்டது. சாட்சி அழைத்தால்தான் வருவான். சில வேளைகளில் அழைத்தும் வரமாட்டான். விலைக்கு வரும் சாட்சிகளும் உளர் என்பதை நீதிமன்ற வாசலில் ஒரு நாள் நின்றவரும் அறிவர்.

ஆனால், படிப்பறியாத கமக்காரர் வாயில் இதனினும் பொருத்தமான சொல் ஒன்று நெடுங்காலமாக வழங்குகின்றது. "என் நெஞ்சறிய நான் அந்த வரம்பை வெட்டவில்லை" என்பார் அவர். நெஞ்சறிய! உடனறிதல் என்னும் இலத்தீன் பொருளுக்கு இதைவிட நெருங்கிய தமிழ் எனக்குத் தெரியவில்லை. இங்கே சாட்சியை அழைக்க வேண்டியதில்லை. அறிந்த நெஞ்சு கூடவே இருக்கின்றது. வள்ளுவரும் வாய்மை பற்றிப் பேசும்பொழுது, நெஞ்சு அறிந்ததை மறைத்துப் பொய் சொன்னவனை வருத்தும் பொறுப்பை அந்த நெஞ்சிடமே ஒப்படைக்கின்றார்.

மனச்சாட்சி என்னும் சொல்லோ அண்மைக் காலத்தில் இரக்கத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. அரிசி விலையைக் கூட்டிய வணிகனை 'மனச்சாட்சி இல்லாதவன்' என்கின்றோம். மாணவரிடம் பொருள் கேட்டால் 'மனிதாபிமானம்' என்று விடை வருகின்றது. இரக்கம் வேறு, இது வேறு. ஏழைக்குச் சோறிடும் இரக்கமுடையவனும் இரவில் எல்லைக்கல்லை நகர்த்தக்கூடும்.

முல்லைத்தீவில் நந்திக்கடலோரம் உள்ள வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோவிலை நேயர்கள் பலரும் அறிவர். மதுரையை எரித்த கண்ணகி இலங்கைக்கு வந்து தங்கிய பத்தாவது இடம் அது என்றும், 'பத்தாம்பளை' என்பதே வற்றாப்பளை ஆயிற்று என்றும் மரபு கூறும். வைகாசிப் பொங்கலில் கடல்நீர் வார்த்து விளக்கேற்றும் வழக்கமும் அங்கு உண்டு. அந்தக் கண்ணகியின் கதையில் தவறிழைத்தோர் இருவர். பொற்கொல்லன் நெஞ்சறியப் பொய் சொன்னான். பாண்டியன் ஆராயாமல் அதனை நம்பினான். சிலம்பு உடைந்து உண்மை வெளிப்பட்டபொழுது, தனக்குமேல் நீதிபதி எவரும் இல்லாத பாண்டியன் தன்னைத் தானே குற்றவாளியாக்கி உயிர் நீத்தான். அறிந்து செய்தவன் நெஞ்சு சுட்டதாகக் காவியம் கூறவில்லை. இதனை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

நெஞ்சறிந்ததை வெளியே கொணர்வதற்கு நம்மவர் கண்ட வழி கோவிற் சத்தியம். ஆங்கிலேயர் ஆட்சியின் சட்டமும் அதனைப் புறக்கணிக்கவில்லை. 1895 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சத்தியக் கட்டளைச் சட்டம், தம் சமயத்தாரைக் கட்டுப்படுத்தும் முறையில் ஒருவர் சத்தியம் செய்தால் அதற்குக் கட்டுப்படுவதாக எதிர்த்தரப்பார் உடன்படுவதற்கு இடமளித்தது. அவ்வாறு உடன்பட்டுச் சத்தியம் நிகழ்ந்தபின், அச்சொல்லே அவருக்கு எதிராக முடிந்த முடிபு. கற்பூரச் சுடரின் முன் நா எழாமல் வழக்கைக் கைவிட்டுத் திரும்பியவர்களைப் பற்றி ஊர்ப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம்.

இங்கிலாந்திலும் சட்டமும் நெஞ்சும் முரண்பட்டதுண்டு. அங்கே சான்சலர் என்னும் பெரும் பதவியாளர் 'அரசனுடைய மனச்சாட்சியின் காவலர்' எனப்பட்டார். பத்திரத்தின்படி காணி ஒருவனுடையதாயினும், இன்னொருவனுக்காக அவன் நம்பிக்கையின் பேரில் வைத்திருப்பது என்றால், அவருடைய நீதிமன்றம் அவனை விடவில்லை. இது சான்சலரின் பாத அளவைப் போல் ஆளுக்கு ஆள் மாறும் நீதி என்று 17 ஆம் நூற்றாண்டில் செல்டன் என்னும் சட்டவறிஞர் கேலி செய்தார். 1873 ஆம், 1875 ஆம் ஆண்டுச் சட்டங்கள் அந்த நீதிமன்றத்தை ஏனையவற்றோடு இணைத்துவிட்டன.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தனியார் காணி ஒன்றைப் பத்தாண்டுகள் உரிமையாளருக்கு மாறாகத் தடையின்றி ஆண்டவன், அதற்கு உரிமை கோர வழிசெய்வது 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அமைதிக் காலத்தில் இது நியாயமே; காணியைக் கைவிட்டவனுக்காக உலகம் என்றென்றும் காத்திராது. ஆனால் போர் துரத்த ஓடியவன் கைவிட்டவன் ஆவானா? இடம்பெயர்ந்தவன் வளவில் குடியிருந்தவர் பலர், 'அவர் வந்தால் எழும்பிவிடுவோம்' என்று நெஞ்சறிந்தே இருந்தனர். சிலருக்கு ஆண்டுகள் கூடக் கூட அந்த அறிவு மங்கிற்று. சட்டத்தை எண்ணி ஆண்டுகளைக் கணக்கிட்டவர்களும் இருந்திருப்பர். 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், தீவிரச் செயல்களால் தம் உரிமையைக் காக்க இயலாதிருந்தவர்களின் பொருட்டு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்கலாகாது என்று விதித்தது. நெஞ்சு முன்னரே சொல்லியிருக்க வேண்டியதைச் சட்டம் பின்னே வந்து சொல்லிற்று.

வன்னியில் இன்னுமொரு சிக்கல் உண்டு. இங்குள்ள காணிகளிற் பெரும் பங்கு அரச காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் உத்தரவுப் பத்திரத்தில் வழங்கப்பட்டவை பல. உறுதிகளும் உத்தரவுப் பத்திரங்களும் இடப்பெயர்விலே தொலைந்தன. எல்லை மரங்களும் அழிந்தன. மீளக் குடியேறியபொழுது, இந்த வளவு இன்னாருடையது என்று சொல்ல அயலவர் ஒருவரின் வாய்ச்சொல்லே பலருக்கு எஞ்சியிருந்தது. அந்தச் சொல்லைத் தாளில் ஏற்றிச் சமாதான நீதவான் முன்னிலையில் ஒப்பமிட்டால், அது 'சத்தியக் கடதாசி' ஆகின்றது. ஆங்கிலத்தில் 'அபிடவிற்' எனப்படும் அதற்கு நம் மக்கள் வைத்த பெயரின் அழகைப் பாருங்கள்!

அதனை எழுதுவிக்க வரும் முதியவர் "என் நெஞ்சறிய இது அவன்ரை தகப்பன் வெட்டின காணி" என்று சொல்வார். எழுதுபவர் தலையை நிமிர்த்தாமல், 'எனது அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டிய வரையில்' என்று எழுதிக்கொண்டு போவார்.