கைப்பின்னல் – சென்னை மேற்குப் புறநகர்

கைப்பின்னல் என்பது இரண்டு ஊசிகளாலோ ஒரு கொக்கி ஊசியாலோ ஒரே நூலைக் கண்ணிகண்ணியாகக் கோத்து எடுக்கும் கைவேலை. தறி வேண்டாம், பாவு ஊடை வேண்டாம். மடியில் ஒரு நூலுருண்டை இருந்தால் போதும். இரண்டு ஊசி வேலையைத் தமிழ்நாட்டு வீடுகளில் ‘ஸ்வெட்டர் பின்னுவது’ என்றும் கொக்கி ஊசி வேலையைக் ‘குரோஷா’ என்றும் சொல்வார்கள்.

அம்பத்தூர் (2011 முதல் சென்னை மாநகராட்சியின் பகுதி), ஆவடி (2019 முதல் தனி மாநகராட்சி), பூந்தமல்லி ஆகிய மேற்குப் புறநகர் ஊர்களில் கம்பளி ஆடைக்குத் தேவையே கிடையாது. சனவரி விடியற்காலையிலும் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். பக்கத்தில் மேயும் செம்மறியும் கம்பளி தராது. திருவள்ளூர், செங்கல்பட்டு வட்டாரத்துக்குரிய ‘மெட்ராஸ் ரெட்’ இனத்துக்கு உடம்பில் இருப்பது முடி. அதை வளர்ப்பது கறிக்காக. தமிழ்நாட்டில் மெல்லிய கம்பளி தரும் ஆடு என்றால் நீலகிரி இனம்தான். அப்படியிருந்தும் இங்கே பல தலைமுறைகளாகப் பெண்கள் பின்னிக்கொண்டே இருக்கிறார்கள். குளிரை வைத்து இதை விளக்க முடியாது. யாருக்காகப் பின்னினார்கள், யாரோடு உட்கார்ந்து பின்னினார்கள் என்று பார்த்தால்தான் இவ்வூர்ப் பின்னலின் வரலாறு பிடிபடும்.

தோற்றம்

பின்னல் குளிர்நாட்டில் பிறந்த கலை என்று பலரும் நினைக்கிறார்கள். கிடைத்திருக்கும் பொருள்கள் அப்படிச் சொல்லவில்லை. ஊசியால் பின்னப்பட்டவை என்று உறுதியாகச் சொல்லத்தக்க மிகப் பழைய துண்டுகள் எகிப்தில் கிடைத்தவை. சுமார் 11ஆம் நூற்றாண்டுக்கும் 14ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட அந்தக் காலுறைகள் பருத்தி நூலில், அவுரி நீலமும் வெள்ளையும் கலந்து, நுணுக்கமான கோலங்களோடு பின்னப்பட்டவை. அதே எகிப்தின் பழைய கெய்ரோப் பகுதியான ஃபுஸ்தாத்தில் குஜராத்திலிருந்து போன அச்சுப் பருத்தித் துணிகளும் கிடைத்திருக்கின்றன. ஆகவே பருத்தி நூலில் பின்னும் சென்னைப் பெண் கம்பளிக்கு மாற்றாக ஏதோ செய்கிறாள் என்று கருத வேண்டியதில்லை. இந்தக் கலையின் மிகப் பழைய சான்றுகளே பருத்தியில்தான் இருக்கின்றன.

ஐரோப்பாவுக்குப் போன பிறகே பின்னல் கம்பளியோடு ஒட்டிக்கொண்டது. 1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறை பின்னும் பொறியைச் செய்தார். இன்றைய பின்னலாடைத் தொழில் முழுவதற்கும் அதுவே மூதாதை; 1920களில் திருப்பூரில் தொடங்கிய பனியன் தொழிலும் அந்த வழியில் வந்ததே. கொக்கி ஊசி வேலை இவற்றுக்கெல்லாம் இளையது. 19ஆம் நூற்றாண்டில்தான் அது பரவியது. 1840களின் கொடும் பஞ்சத்தில் அயர்லாந்துப் பெண்கள் பலருக்குச் சோறு போட்டது குரோஷா லேஸ் வேலை.

பள்ளிக்கூடத்தின் வழியாக

தமிழ்நாட்டுக்கு நூல்வேலையின் மேற்கத்திய முறைகள் வந்து சேர்ந்தது பெரும்பாலும் மிஷன் பள்ளிகள் வழியாக. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா, பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியதோடு லேஸ் வேலையும் கற்றுக்கொடுத்தார். இவர்களுடைய மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்தக் கைவேலையும் கூடவே போயிற்று. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நாம், அதே வீட்டுத் திண்ணையில் நடந்த இந்தப் பாடத்துக்கு ஒரு பத்தி கூட ஒதுக்குவதில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த முதல் தலைமுறைப் பெண்களில் பலர் கையில் காசு பார்த்தது லேஸ் வேலையால்தான்.

சென்னை வட்டாரத்தில் கான்வென்ட்களும் பெண்கள் பள்ளிகளும் இதைத் தையல் வகுப்பாக நிலைநிறுத்தின. கைக்குட்டை ஓரத்துக்குக் குரோஷா, குழந்தைத் தொப்பி, பூட்டீஸ் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் மாதிரித் துண்டுகளைத் தைத்து ஒட்டிக் கொண்டுபோக வேண்டும். தமிழ்நாடு அரசின் தொழில்நுட்பத் தேர்வுகளில் தையலும் ஒரு பாடம். கீழ்நிலை, மேல்நிலை என்று இரண்டு படிகள். அவற்றை முடித்து ஆசிரியர் சான்றிதழும் பெற்றவர்களே ஊர்தோறும் ‘தையல் டீச்சர்’ ஆனார்கள். கணக்கு, அறிவியல் ஆசிரியர்களுக்குக் கிடைத்த மரியாதை அவர்களுக்குக் கிடைத்ததில்லை. ஆனால் இன்று அறுபதைத் தாண்டிய பல பெண்களைக் கேட்டால், பள்ளியில் கற்றதில் கை மறக்காமல் இருப்பது அந்த வகுப்புதான் என்பார்கள்.

படைக் குடியிருப்புகளின் வழியாக

மேற்குப் புறநகருக்கே உரிய இன்னொரு வழி ராணுவம். பூந்தமல்லி ஆங்கிலேயர் காலத்துப் படை முகாம். பின்னாளில் அந்தப் பங்கு ஆவடிக்கு வந்தது. படைகளுக்குச் சீருடை தைக்கும் ராணுவ உடைத் தொழிற்சாலை 1961இல் இங்கே தொடங்கப்பட்டது (2021 முதல் ‘ட்ரூப் கம்ஃபர்ட்ஸ்’ என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது). 1965இல் விஜயந்தா டாங்கி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. விமானப்படை நிலையம், மத்திய ரிசர்வ் போலீஸ் மையம் என்று குடியிருப்புகள் பெருகின.

ஸ்வெட்டர் பின்னுவதை அன்றாட வேலையாகக் கொண்ட வடநாட்டுக் குடும்பங்களும், பதான்கோட்டிலோ ஜம்முவிலோ சில ஆண்டுகள் இருந்துவிட்டு மாற்றலாகி வந்த தமிழ்க் குடும்பங்களும் குவார்ட்டர்ஸில் அக்கம்பக்கமாக இருந்தன. ஊசி, நூல், டிசைன் எல்லாம் சுவர் தாண்டிப் போய் வந்தன. மொழி அரைகுறையாக இருந்தாலும் பின்னிய துண்டைக் கையில் கொடுத்தால் கண்ணிகளை எண்ணிப் புரிந்துகொள்ளலாம்.

ராணுவத்துக்கும் பின்னலுக்கும் உள்ள தொடர்பு பழையது. உலகப் போர்க் காலங்களில் ரெட் கிராஸ் சங்கங்கள் பின்னல் ஆடைகளைத் திரட்டின. 1962இல் சீனப் போரின்போது இமயத்தில் நின்ற ஜவான்களுக்காக நாடெங்கும் பெண்கள் ஸ்வெட்டரும் கையுறையும் பின்னி அனுப்பினார்கள். 2022இல் விமானப்படை மனைவியர் நலச் சங்கத்தைச் சேர்ந்த 3,000க்கும் மேற்பட்ட பெண்கள் மூன்று மாதத்தில் 40,000க்கும் மேற்பட்ட கம்பளித் தொப்பிகளைப் பின்னி முடித்தார்கள்.

நூலும் ஊசியும்

கம்பளி நூலும் அதைவிட மலிவான அக்ரிலிக் நூலும் லூதியானாவிலிருந்து வருகின்றன. வர்த்மான், ஆஸ்வால் போன்ற பெயர்கள் கடைக்காரர்களுக்கு மனப்பாடம். குரோஷா பருத்தி நூலில் ‘ஆங்க்கர்’ பெயரே முன்னால் நிற்கும். இந்தியாவில் அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது மதுரை ஹார்வி மில் வழியில் வந்த மதுரா கோட்ஸ் நிறுவனம். மேற்குப் புறநகர்ப் பெண்கள் மொத்தமாக வாங்க வேண்டுமானால் மின்சார ரயில் ஏறிப் பாரிமுனைக்குப் போவார்கள். அவசரத்துக்கு உள்ளூர் ஃபேன்சி ஸ்டோர். ஊசியைப் பொறுத்தவரை இந்தியா வெளிநாட்டை நம்பியில்லை. ஜெய்ப்பூரில் தயாராகும் நிட்ப்ரோ மர ஊசிகள் ஐரோப்பா, அமெரிக்காவின் தேர்ந்த பின்னலாளர்கள் கைகளில் இருக்கின்றன.

இந்த ஊர்க் காற்றுக்கென்று சில பழக்கங்கள் உண்டு. வியர்த்த கையில் அக்ரிலிக் நூல் ஊசியோடு ஒட்டிக்கொண்டு நகராது. அதனால் பலர் பவுடர் தடவிக்கொண்டு உட்காருவார்கள். பின்னி வைத்த கம்பளியை அந்துருண்டை போடாமல் பீரோவில் வைக்க முடியாது.

சிறு அணிகளின் வடிவமைப்பு

குளிரில்லாத ஊரில் வடிவமைப்பு சிறு பொருள்களை நோக்கியே வளர்ந்தது: குழந்தைத் தொப்பி, பூட்டீஸ், தலைப்பட்டை, கைப்பை, செல்போன் உறை, கம்மல், வாசல் தோரணம். ஸ்வெட்டர் பின்னுவதென்றால் அது அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் பிள்ளைக்காக. மகளின் பிரசவத்துக்காக விமானம் ஏறும் தாயின் பெட்டியில் பருப்புப்பொடிக்கும் ஊறுகாய்க்கும் நடுவே ஒரு குட்டித் தொப்பி இருக்கும்.

அந்தத் தொப்பியையே எடுத்துக்கொள்வோம். ஆறு மாதக் குழந்தையின் தலைச்சுற்று ஏறத்தாழ 42 செ.மீ. முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்னி, அதைத் துவைத்து உலர்த்திய பிறகு அளக்க வேண்டும். பருத்தி தண்ணீர் பட்டால் சுருங்கும் என்பதால் துவைக்காமல் அளந்த அளவு பயன்படாது. 10 செ.மீ.க்கு 22 கண்ணி வருகிறது என்றால், 42 செ.மீ.க்கு 92 கண்ணி. ஆனால் தொப்பி தலையைப் பிடித்து நிற்க வேண்டுமானால் தலையைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். கம்பளி இழுபடும், விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். அதனால் 80 கண்ணியில் துணிந்து தொடங்கலாம். பருத்தி அவ்வளவு கொடுக்காது. 80 போட்டால் குழந்தையின் நெற்றியில் தடம் விழும். 88 போட வேண்டும்.

80ஐயும் 88ஐயும் சொன்னதற்குக் காரணம், இரண்டும் எட்டால் வகுபடும் என்பது. உச்சியை மூட, வட்டத்தை எட்டுப் பங்காகப் பிரித்து, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் பங்குக்கு ஒரு கண்ணி வீதம் குறைப்பார்கள். 88இலிருந்து பத்துமுறை குறைத்தால் எட்டுக் கண்ணி மிஞ்சும். அவற்றுக்குள் நூலை விட்டு இழுத்துக் கட்டிவிட்டால் உச்சி மூடிவிடும். வெளிநாட்டுப் புத்தகத்தில் கம்பளிக்காகக் கொடுத்த கணக்கைப் பருத்திக்கு மாற்றத் தெரிந்தவர்தான் இங்கே வடிவமைப்பாளர். அந்தத் திறமை சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே, யாரும் பெயர் சூட்டாமலே, நிறையப் பெண்களிடம் இருக்கிறது.

ஊசியே இல்லாத ஒரு கிளையையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. ஒயர் கூடை பின்னுவது கைப்பின்னலின் இலக்கணத்துக்குள் முழுமையாக அடங்காது. அது முடிச்சு வேலை. ஆனால் அம்பத்தூர், ஆவடித் தெருக்களில் இரண்டையும் செய்வது பெரும்பாலும் ஒரே கைகள்தான். ஒயரை அளந்து வெட்டி, இரண்டாக மடித்து, அடிப்பாகத்திலிருந்து முடிச்சு முடிச்சாக ஏற்றுவார்கள். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று முடிச்சுகளுக்குப் பெயர்கள் உண்டு. கூடையின் அளவை ‘ரெண்டு ரோல் கூடை’, ‘மூணு ரோல் கூடை’ என்று ஒயர்க் கணக்கிலேயே சொல்வார்கள். நிறம் எங்கே மாற வேண்டும் என்பதைக் காகிதத்தில் குறிக்காமல் மனத்திலேயே வைத்திருப்பவர்களுக்குக் குரோஷா டிசைன் கைவருவதில் வியப்பில்லை.

கூடிப் பின்னுதல்

மேற்கு நாடுகளில் பின்னலாளர்கள் ஒன்றுகூடும் வழக்கத்துக்குப் புத்துயிர் தந்தவர்களில் முதன்மையானவர் எலிசபெத் சிம்மர்மன். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய அவர் 1974இல் விஸ்கான்சினில் பின்னல் முகாமைத் தொடங்கினார். உடல் சுற்றளவின் விகிதத்தில் மற்ற எல்லா அளவையும் கணக்கிடும் முறையைப் பரப்பியவரும் அவரே. நியூயார்க் மாநிலத்தின் ரைன்பெக்கில் அக்டோபர்தோறும் ஆடு–கம்பளித் திருவிழா நடக்கிறது. ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்துத் தீவுகளில் 2010 முதல் நடக்கும் கம்பளி வாரத்துக்கு ஆண்டுதோறும் ஒரு தொப்பி டிசைன் வெளியிடப்படுகிறது. ஊர் முழுக்க அதே தொப்பியை வெவ்வேறு நிறங்களில் பின்னிப் போட்டுக்கொண்டு வருவார்கள். 2015இல் டோனா ஸ்மித் செய்த, ஆடுகள் வரிசையாக நடக்கும் தொப்பி உலகெங்கும் பரவியது. பொது இடத்தில் அமர்ந்து பின்னும் உலக நாள் 2005இல் தொடங்கி ஜூன் மாதத்தில் கொண்டாடப்படுகிறது.

சென்னையின் கூட்டங்களுக்கு ஆட்டுப்பண்ணையும் இல்லை, குளிர்காலமும் இல்லை. மொட்டை மாடி, அடுக்ககக் கூடம், கோயில் மண்டபம் எங்கும் நடக்கும். மூத்தவர் ‘இங்க ஒரு கண்ணி விட்டுட்டே பாரும்மா’ என்பார், இளையவர் அந்த வரிசை வரை பிரித்துவிட்டு மறுபடி தொடங்குவார். இந்தச் சிறு வட்டங்கள் எவ்வளவு பெரிதாகத் திரள முடியும் என்பதைக் காட்டியது, சுபஸ்ரீ நடராஜன் சென்னையில் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ குழு. 2016 சனவரி 31 அன்று சென்னையில் அவர்கள் விரித்த குரோஷா போர்வை 11,148.5 சதுர மீட்டர். சென்னை மனைக் கணக்கில் அது 50 கிரவுண்டு. தென்னாப்பிரிக்காவின் ‘67 போர்வைகள்’ இயக்கம் வைத்திருந்த கின்னஸ் சாதனையை அது தாண்டியது. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்த பெண்கள் தனித்தனியே பின்னி அனுப்பிய துண்டுகள் ஒன்றாக இணைக்கப்பட்டன. பிறகு பிரிக்கப்பட்டு ஆதரவற்றோருக்குப் போயின. 2017இல் 14 கி.மீ.க்கும் மேல் நீண்ட ஸ்கார்ஃப், 2018இல் 58 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குரோஷா பொம்மைகளின் காட்சி என்று குழு அடுத்தடுத்துச் சாதனை செய்தது.

செய்திகள் அளவைத்தான் பேசின. அந்தப் போர்வையில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: கணவர் ஓய்வுபெற்று, பிள்ளைகள் வெளிநாடு போன பிறகு தனியே பின்னிக்கொண்டிருந்த பெண்கள், தங்களைப்போல் ஆயிரம் பேர் இருப்பதை ஒரே இடத்தில் கண்ணால் கண்டார்கள்.

விலை

ஊசிப் பின்னலைப் பொறி செய்துவிடும். திருப்பூர் அதற்குச் சான்று. உண்மையான குரோஷாவை இன்றுவரை எந்தத் தொழிற்சாலைப் பொறியும் செய்வதில்லை. ஆகவே கடையில் நூறு ரூபாய்க்குத் தொங்கும் குரோஷா பையும் யாரோ ஒருவர் கையால் செய்ததுதான்; அவருக்குப் போய்ச் சேர்ந்த கூலி எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆந்திரத்தின் நரசாபுரம் குரோஷா லேஸ் தொழிலை ஆராய்ந்த மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட நூலில் இதையே காட்டினார்: நாள் முழுதும் பின்னிய பெண்களைத் தொழிலாளர்களாக யாரும் எண்ணவில்லை, பொழுதுபோக்காகச் செய்யும் இல்லத்தரசிகள் என்றே வியாபாரிகள் வைத்திருந்தார்கள்; ஏற்றுமதி லாபம் அவர்களை எட்டவில்லை.

மேற்குப் புறநகரிலும் இதே சிக்கல் வேறு உருவில் தொடர்கிறது. மகளிர் குழுக்களும் தனியாகச் செய்பவர்களும் நவராத்திரி, கிறிஸ்துமஸ் நாட்களையொட்டிச் சிறு அணிகளை விற்கிறார்கள். வாங்குபவர் நூலின் விலையை மட்டும் மனத்தில் வைத்துப் பேரம் பேசுவார்; விற்பவரும் ‘வீட்ல சும்மா இருக்கற நேரத்துல பண்றதுதானே’ என்று இறங்கிக் கொடுப்பார். மணிக்கணக்கைத் தனியே எழுதி, நூல் விலையோடு கூட்டி விலை சொல்லும் பழக்கம் இளையவர்களிடம் இப்போது வரத் தொடங்கியிருக்கிறது.