சாம்பல் புதனுக்கு முந்தின விருந்து



தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறன்று நம் வீடுகளில் கறிக்குழம்பு மணக்கும். "இனி நாற்பது நாளைக்கு ஏது?" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றுவார்கள். "சாமி, நோன்புக்கு முன்னால இப்படி வயிறாரச் சாப்பிடுறது தப்பா?" என்று கேட்பவர்களும் உண்டு.

இந்த வழக்கம் பழையது. இடைக்காலத் திருச்சபையில் தவக்காலம் முழுவதும் இறைச்சி மட்டுமல்ல, முட்டை, பால், வெண்ணெயும் விலக்கப்பட்டிருந்தன. நாவுக்கு மிகுந்த இன்பம் தருபவை என்பதால்தான் விலக்கு என்று புனித தோமா அக்குவினா (1225-1274) விளக்கம் தருகிறார். ஆகவே வீட்டில் இருந்ததை எல்லாம் முன்கூட்டியே தீர்த்தாக வேண்டும். இங்கிலாந்தில் முட்டையும் பாலும் சேர்த்துச் செவ்வாயன்று பான்கேக் சுட்டார்கள். போலந்தில் அதற்கு முந்தின வியாழனன்று, உள்ளே பழப்பாகு வைத்து எண்ணெயில் பொரித்த இனிப்பு உருண்டைகளை இன்றும் தின்கிறார்கள். கோவாவில் இந்நாள்களுக்கு 'இந்த்ருஸ்' என்று பெயர். நோன்புக்குள் நுழைதல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நமக்கு மேற்கே மலைக்கு அந்தப் பக்கம், சீரோ மலபார் குடும்பங்களில் பெரிய நோன்புக்கு முந்தின ஞாயிறு 'பேத்துர்த்தா'. அன்று இறைச்சியும் மீனும் நிறைய இருக்கும்.

அந்தப் பழைய சட்டம் இன்றும் இருந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா செவ்வாயோடு நின்றுவிடும்! சாத்தூர் காராச்சேவு தப்பித்துக்கொள்ளும். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவுக்குச் சால்னாவில்தான் சிக்கல்.

இன்றைய சட்டம் எளிது. ஒருசந்தி, சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே. 18 வயது நிறைந்தவர்களுக்கு, 60ஆம் வயது தொடங்கும் வரை. சுத்தபோசனம் அந்த இரு நாள்களிலும் வெள்ளிக்கிழமைகளிலும், 14 வயது நிறைந்த அனைவருக்கும். வீட்டில் இருப்பதைத் தின்று தீர்க்கும் அவசியம் போய்விட்டது. விருந்து மட்டும் நின்றுவிட்டது.

அதைத் தவறென்று நான் சொல்லமாட்டேன். வாரமெல்லாம் பட்டாசு ஆலையில் மருந்தோடு இருந்துவிட்டு, சனிக்கிழமைக் கூலியில் அரைக் கிலோ கறி எடுத்து, பிள்ளைகளோடு உட்காரும் ஞாயிற்றை யார் குறை சொல்வது? ஆனால் 2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை, சாத்தூர் அருகே அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரு நாள் விட்டு வந்தது, தவக்காலத்துக்கு முந்தின ஞாயிறு. 2024இல் சாம்பல் புதன் முடிந்து மூன்றாம் நாள், சனிக்கிழமை, வெம்பக்கோட்டை அருகே இராமுதேவன்பட்டியில் 10 பேர். அந்த வீடுகளில் அந்த ஞாயிறுகளில் அடுப்பு எப்படி எரிந்திருக்கும்?

கொரிந்து நகர விருந்தில் ஒருவர் பசியோடிருக்க மற்றவர் மிஞ்சிக் குடித்ததைத்தான் பவுல் கண்டித்தார். விருந்தை அல்ல. எனவே கறி எடுக்கும்போது கொஞ்சம் கூட்டி எடுங்கள். சம்பாதிக்கிறவரை இழந்த வீடு, தீக்காயத்தோடு படுத்திருப்பவர் வீடு நம் தெருக்களில் இல்லாமல் இல்லை. ஒரு தூக்குச்சட்டியில் கொண்டுபோய்க் கொடுங்கள். அது நம் சபையார் வீடாக இருக்க வேண்டும் என்பதில்லை.

இன்னொன்று. அந்தச் செவ்வாய்க்கு ஆங்கிலத்தில் உள்ள 'ஷ்ரோவ்' என்ற பெயர் பான்கேக்கைக் குறிப்பதல்ல, பாவசங்கீர்த்தனத்தைக் குறிப்பது. வயிறு பிறகுதான் முந்திக்கொண்டது. செவ்வாய் மாலை கோயிலில் உங்கள் சாமியார் உட்கார்ந்திருப்பாரா என்று கேட்டுப் பாருங்கள்.