அரிசியில் காமாக் கதிரூட்டல்

காமாக் கதிரூட்டல் என்பது கோபால்ட்-60 போன்ற கதிரியக்க மூலத்திலிருந்து வெளிப்படும் காமாக் கதிர்களைச் செலுத்தி, தானியத்திலுள்ள பூச்சிகளை அழிக்கும் முறையாகும். அரிசிப் பானையில் காய்ந்த மிளகாயும் வேப்பிலையும் போட்டு வண்டைத் தடுப்பது தமிழர் வீட்டு வழக்கம். கிடங்குகளில் அதே வேலைக்குக் கதிர்களைப் பயன்படுத்த முனைந்தபோது இரண்டு கேள்விகள் எழுந்தன. தானியத்தின் மூலக்கூறுகளுக்கு என்ன ஆகிறது? அதை உண்பது பாதுகாப்பானதா?

மூலக்கூறு மாற்றம்

அரிசியில் பெரும்பங்கு மாவுச்சத்து. அது குளுக்கோசு அலகுகள் கோத்த இரு வகைச் சங்கிலிகளால் ஆனது: பெரும்பாலும் நேராக அமைந்த அமைலோசு, கிளைவிட்ட அமைலோபெக்டின். காமாக் கதிர் அரிசிக்குள் பாயும்போது மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறுகின்றன. அரிசியிலுள்ள ஈரமும் சிதைந்து, வினைத்திறன் மிக்க தனி உறுப்புகள் உண்டாகின்றன. இவை குளுக்கோசு அலகுகளுக்கு இடையிலான கிளைகோசைடு பிணைப்புகளை அறுக்க, நீண்ட சங்கிலிகள் துண்டாகின்றன. இதனால் கஞ்சியின் கெட்டித்தன்மை குறைகிறது. நீரில் கரையும் பகுதி கூடுகிறது. மிகுந்த கதிரளவில் அரிசி மஞ்சளாகவும் மாறும்.

ஆனால் பூச்சிகளை அழிக்க 1 கிலோகிரேக்கு உட்பட்ட அளவே போதுமானது. 1 கிலோகிரே என்பது ஒரு கிலோகிராம் பொருள் 1000 ஜூல் ஆற்றலை ஏற்பதாகும். அவ்வளவும் வெப்பமாக மாறினாலும் அரிசியின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு கூட உயராது. கோபால்ட்-60 கதிர்களுக்கு அரிசியைக் கதிரியக்கப் பொருளாக மாற்றும் ஆற்றலும் இல்லை.

பாதுகாப்பு விவாதம்

1963-இல் எம். எஸ். சுவாமிநாதனும் உடன் ஆய்வாளர்களும், கதிரூட்டிய உணவில் வளர்ந்த பழ ஈக்களில் மரபணு மாற்றங்கள் கூடியதாக அறிவித்தனர். 1975-இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வு பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. ஊட்டச்சத்துக் குறைந்த 15 குழந்தைகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். புதிதாகக் கதிரூட்டிய கோதுமையை உண்ட ஐவரின் இரத்த வெள்ளணுக்களில், வழக்கத்தைவிடக் கூடுதல் குரோமோசோம் தொகுதிகள் கொண்ட செல்கள் மிகுந்ததாக அவ்வாய்வு கூறியது. கோதுமையும் அரிசியைப் போல மாவுச்சத்து மிக்க தானியம் என்பதால் இம்முடிவு கவலை அளித்தது.

பாபா அணு ஆராய்ச்சி மையம் எலிகளில் நடத்திய ஆய்வில் அத்தகைய விளைவு தென்படவில்லை. இரு தரப்புத் தரவுகளையும் பி. சி. கேசவன், பி. வி. சுகாத்மே ஆகியோர் பரிசீலித்தனர். ஹைதராபாத் தரவுகள் அந்த முடிவை நிறுவப் போதுமானவை அல்ல என்று 1976-இல் அறிக்கை அளித்தனர். குழந்தைகளின் எண்ணிக்கையும் எண்ணப்பட்ட செல்களும் குறைவு என்பது முக்கியமான குறையாகக் கூறப்பட்டது.

அனுமதி

10 கிலோகிரே வரை கதிரூட்டிய உணவால் நச்சுத் தீங்கு இல்லை என்று 1980-இல் பன்னாட்டு வல்லுநர் குழு முடிவு செய்தது. இந்தியா 1994-இல் வெங்காயம், உருளைக்கிழங்கு, நறுமணப் பொருள்களுக்கு அனுமதி அளித்தது. 1998-இல் அரிசியும் பட்டியலில் சேர்ந்தது. பூச்சிகளை அழிக்க அரிசிக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 0.25 முதல் 1 கிலோகிரே வரை.

ஐயத்தை எழுப்பிய சுவாமிநாதன் 1988-இல் தாம்பரத்துக்கு வடகிழக்கே, தரமணியில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். தரவுகளைச் சோதித்த கேசவனும் பிற்காலத்தில் அங்கேயே பணியாற்றினார். கதிரூட்டிய உணவுப் பொட்டலத்தில் பச்சை நிற ரடூரா குறியீடு இருக்க வேண்டும் என்பது சட்டம். தாம்பரம் சந்தையில் அரிசி வாங்குபவரும் அக்குறியைப் பார்த்து, தாமே முடிவு செய்துகொள்ளலாம்.